கேஸ் கிணறு அறிக்கையில் 22,400 அடி என்றால் அவ்வளவு ஆழமா? நிலக்காரர்களுக்கான இழை

கேள்வி, பிப்ரவரி 9

லூசியானா டிசோட்டோ பாரிஷில் (மாவட்டம் மாதிரி) எங்களுக்கு 20 ஏக்கர் இருக்கிறது, மினரல் உரிமையும், அதாவது அடியில் உள்ள எண்ணெய், எரிவாயு மீதான உரிமையும் சேர்த்து. எரிவாயு எடுக்க ஒரு நிறுவனத்துக்கு லீஸ் கொடுத்தாயிற்று, ராயல்டி, அதாவது உற்பத்தியில் எங்கள் பங்கு, 25 சதவீதம். எங்கள் செக்‌ஷனையும் அடுத்த செக்‌ஷனையும் சேர்த்து ஒரே கிணறு போட்டிருக்கிறார்கள். மாநில அரசின் சோன்ரிஸ் தளத்தில் பார்த்தால் எம்.டி. 22,400, டி.வி.டி. 11,980 என்று இருக்கிறது, அதன் பிறகு ஆறு வாரமாக டபிள்யூ.ஓ.சி. என்று மட்டும். பக்கத்து நிலக்காரர் என்ன சொல்கிறார் என்றால், நாலு மைல் ஆழம் போய் ஹேன்ஸ்வில் எரிவாயுப் பாறைக்குக் கீழே வேறு அடுக்கைத் தொட்டுவிட்டார்கள், லீஸில் இல்லாததை எடுக்கப் போகிறார்கள் என்று. டபிள்யூ.ஓ.சி. என்றால் சிமென்ட் காயக் காத்திருப்பதாம், அதற்கு ஆறு வாரமா? இதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், பிப்ரவரி 9, இரவு

யாரும் நாலு மைல் ஆழம் போகவில்லை சார். எம்.டி. என்பது துளையின் வழியே அளந்த நீளம். டி.வி.டி. என்பது தரையிலிருந்து நேர் கீழே எவ்வளவு ஆழம் என்பது. உங்கள் கிணறு ஏறக்குறைய 11,000 அடி வரை நேராக இறங்கி, அங்கே மெல்ல வளைந்து, பிறகு படுக்கைவாட்டில் போயிருக்கிறது. அந்தப் படுக்கைப் பகுதிதான் லேட்டரல். 22,400-இலிருந்து நேராக இறங்கிய பகுதியையும் வளைவையும் கழித்தால் லேட்டரல் சுமார் 10,000 அடி வரும். இரண்டு செக்‌ஷனைக் கடக்கும் கிணற்றுக்கு இது சரியான கணக்கு. ஒரு செக்‌ஷன் ஒரு மைல் சதுரம், ஒரு பக்கம் 5,280 அடி, இரண்டு சேர்ந்தால் 10,560. யூனிட் (உற்பத்தியைப் பங்கிட மாநிலம் வகுத்த நிலப்பகுதி, இங்கே ஒரு செக்‌ஷன்) எல்லையிலிருந்து 330 அடி தள்ளித்தான், வாயு உள்ளே வருவதற்காகக் குழாயில் துளை போடலாம் என்பது இந்தப் பகுதிக் கிணறுகளுக்கு வழக்கமான விதி, அதனால் இரண்டு முனையிலும் 330 கழித்தால் 9,900.

ஹேன்ஸ்வில் ஷேல் வடமேற்கு லூசியானாவில் பொதுவாக 10,500 முதல் 13,500 அடி ஆழத்தில் கிடக்கிறது. 11,980 அதற்குள் கச்சிதமாக வருகிறது. லீஸில் ஆழ வரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதை டி.வி.டி.யோடு ஒப்பிடுங்கள், எம்.டி.யோடு அல்ல.

பிப்ரவரி 10

சிமென்ட் விஷயம் நேற்று விட்டுப்போயிற்று. டபிள்யூ.ஓ.சி.க்கு இரண்டு பொருள் உண்டு, அது எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். கேசிங் (துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) இறக்கி சிமென்ட் அடித்த மறுவரியில் வந்தால் சிமென்ட் இறுகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். துளை இறுதி ஆழத்தைத் தொட்டு, உற்பத்திக் கேசிங் இறங்கி, ரிக் (துளையிடும் எந்திரம்) கிளம்பிய பிறகு வாரக்கணக்கில் அதே மூன்று எழுத்து நின்றால், அது கம்ப்ளீஷனுக்காக, அதாவது கிணற்றை உற்பத்திக்குத் தயார்ப்படுத்தும் வேலைக்காகக் காத்திருப்பது. துளை தயார், பாறையை உடைக்கும் ஃப்ராக் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. உங்களுடையது இரண்டாவது. ஆறு வாரம் ஒரு செய்தியே இல்லை, ஒரே பேடில் (கிணறு போடச் சமன் செய்த களம்) நாலு கிணறு இருந்தால் நாலையும் துளைத்து முடித்துவிட்டுத்தான் ஃப்ராக் குழுவை வரவழைப்பார்கள்.

துளைத்து முடித்து, கம்ப்ளீட் செய்யாமல் கிடக்கும் கிணறுகளை டக் என்பார்கள். விலை விழும்போது இவை பெருகும். 2008 ஜூலையில் அமெரிக்க எரிவாயுவுக்கு அளவுகோலான ஹென்றி ஹப் விலை 13 டாலருக்கு மேல் போனது, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே வந்தது. நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் மலிவு விலையில் திறந்துவிட அவசரம் இருக்காது. நம் பக்கம் நின்று பார்த்தால், அந்தக் காத்திருப்பு நம் லீஸை எத்தனை நாள் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

இந்த அறிக்கைகள் நமக்காக எழுதப்படுபவை அல்ல. ரிக்கில் இருப்பவர் அலுவலகத்துக்குச் சொல்வதும், நிறுவனம் அரசுக்குச் சொல்வதும்தான் நம் கண்ணில் படுகிறது. அதனால் எல்லா எண்ணையும் விளங்கிக்கொள்ள முயன்று களைத்துப்போகாமல், நம் உரிமையையும் நமக்கு வரும் ராயல்டி செக்கையும் தொடும் எண் எது என்று முதலில் பிரிக்க வேண்டும். ஆழமும் அழுத்தமும் பேச சுவாரசியமானவை. ஆனால் நம்மைத் தொடுவது பெரும்பாலும் தேதிகளும், லேட்டரல் எங்கே கிடக்கிறது என்பதும்தான்.

இதை நான் தேதியில்தான் கற்றேன். ரெட் ரிவர் பாரிஷில் நாங்கள் நிலம் வாங்கியபோது விற்றவர் மினரல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். லூசியானா சட்டத்தில் அப்படி ஒதுக்கிய உரிமை நிரந்தரம் கிடையாது. பத்து ஆண்டு பயன்படுத்தாமல் விட்டால் அது காலாவதியாகி நிலத்தின் சொந்தக்காரரிடம் வந்துவிடும். எங்கள் பத்தாண்டு முடியப் போகிற சமயத்தில் புல்டோசர் வந்தது, பேடுக்காக இடத்தைச் சமன் செய்தார்கள், சரளைக் கல் கொட்டினார்கள். விற்றவர் தரப்பு, வேலை ஆரம்பித்துவிட்டது, காலக்கெடு உடைந்துவிட்டது என்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ராத்திரி தூக்கமில்லை.

வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஸ்பட் தேதி, அதாவது துளையிடல் ஆரம்பித்த தேதி என்ன? லூசியானா மினரல் சட்டத் தொகுப்பின் 30-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. நில அளவை, இடத்தைத் துப்புரவாக்குவது, சாமான் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் ஆயத்தம். ஆயத்தம் காலக்கெடுவை உடைக்காது. உண்மையான துளையிடல் ஆரம்பிக்க வேண்டும். சோன்ரிஸில் அந்தக் கிணற்றின் ஸ்பட் தேதி பத்தாண்டு கடந்த பிறகே இருந்தது. முதல் குழாயான கண்டக்டர்கூட அதற்குப் பிறகுதான் இறங்கியது. அந்த ஒரு வரியை அச்செடுத்துக் கோப்பில் வைத்தார் வக்கீல், பேச்சு அதோடு நின்றது.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை யாரும் லீஸுக்குப் பொருத்திவிட வேண்டாம், அதனால் உடனே இதையும் சேர்க்கிறேன். பத்தாண்டு விதி சட்டம். லீஸ் காலம் முடிவது ஒப்பந்தம். பல லீஸ்களில் துளையிடுவதற்கான செயல்பாடுகள் தொடங்கினால் போதும் என்று எழுதியிருப்பார்கள், அந்த வாசகம் இருந்தால் பேடு சமன் செய்வதே லீஸைக் காப்பாற்றிவிடக்கூடும். வேறு சிலவற்றில் ஸ்பட் ஆக வேண்டும், ரிக் இறுதி ஆழம் வரை துளைக்கும் திறனுள்ளதாக இருக்க வேண்டும் என்றுகூட இருக்கும். உங்கள் லீஸில் என்ன வாசகம் என்று பார்க்காமல் அறிக்கைத் தேதியை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள்.

கண்டக்டர் விஷயமும் உண்டு. சில இடங்களில் சிறு ரிக் வந்து கண்டக்டர் குழாயை மட்டும் இறக்கிவிட்டுப் போகும், பெரிய ரிக் வாரங்கள் கழித்து வரும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் கெடு தேதி விழுந்தால் நேராக வக்கீலிடம் போங்கள், இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பிப்ரவரி 15

கிணற்றின் பெயரைப் படிப்பது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எச்.ஏ. ஆர்.ஏ. எஸ்.யு. என்று ஆரம்பித்தால் அது ஹேன்ஸ்வில் மண்டலத்துக்கு மாநிலம் அமைத்த யூனிட். அடுத்து வரும் எழுத்தோ எண்ணோ எந்த யூனிட் என்பது. பிறகு ஒரு குடும்பப் பெயரோ நிறுவனப் பெயரோ இருக்கும். அந்த நிலக்காரருக்கு அதிகப் பங்கு போகும் என்று நினைத்து என் உறவினர் ஒருவர் வருத்தப்பட்டார். அது வெறும் அடையாளம், பங்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அப்புறம் 14-11-13 மாதிரி மூன்று எண் வந்தால் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்ற நில அளவை எண்கள். 14&23 என்று இரண்டு செக்‌ஷன் எண் சேர்ந்து வந்தாலோ, எச்.சி. என்ற எழுத்துகள் இருந்தாலோ அது யூனிட் எல்லையைக் கடக்கும் கிணறு. ஆல்ட் என்றால் அந்த யூனிட்டில் ஏற்கெனவே இருக்கும் கிணற்றோடு கூடுதலாகப் போட்டது.

ஒவ்வொரு கிணற்றுக்கும் தரும் அடையாள எண்ணான ஏ.பி.ஐ. எண் இன்னும் நம்பகமானது, ஏனென்றால் கிணறு கைமாறும், பெயர் மாறும், அந்த எண் மாறாது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: லூசியானா 17, டெக்சாஸ் 42, பென்சில்வேனியா 37. அடுத்த மூன்று பாரிஷ் அல்லது கவுண்டி, டிசோட்டோவுக்கு 031. அதற்கடுத்த ஐந்து அந்தக் கிணற்றுக்கே உரியது. சோன்ரிஸில் இதைத் தவிர ஒரு சீரியல் எண்ணும் உண்டு, தேடுவதற்கு அதுதான் சுலபம். இரண்டையும் லீஸ் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பிப்ரவரி 16

சோன்ரிஸில் கிணற்றின் நிலையைக் காட்டும் எண்கள்: 01 என்றால் பெர்மிட் கொடுத்தாயிற்று, 10 என்றால் உற்பத்தியில் இருக்கிறது, 30 என்றால் மூடிக் கைவிட்டாயிற்று. பெர்மிட் வந்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம். பெர்மிட் வாங்கி ஒருநாளும் துளைக்காத கிணறுகள் நிறைய.

பிப்ரவரி 20

ஒரு வாசகர் நல்ல கேள்வி போட்டார். அவர் கிணற்று அறிக்கையில் சேற்றின் எடை 11-இலிருந்து 16-க்கு ஏறியிருக்கிறது, ஏதாவது விபரீதமா, குடிநீர்க் கிணற்றுக்கு ஆபத்தா என்று. கவலை நியாயமானது, ஆகவே கொஞ்சம் விரிவாக.

துளையிடும்போது உள்ளே ஓடும் சேறு வெட்டிய துகளை மேலே கொண்டுவருகிறது, கூடவே பாறைக்குள் இருக்கும் வாயு பீறிக்கொண்டு வராமல் தன் எடையால் அழுத்திப் பிடிக்கிறது. எடையை ஒரு கேலனுக்கு எத்தனை பவுண்டு என்று எழுதுவார்கள். வெறும் தண்ணீர் 8.33. அடியில் எவ்வளவு அழுத்தம் என்று நீங்களே கணக்கிடலாம்: சேற்றின் எடையை 0.052-ஆல் பெருக்கி, டி.வி.டி. அடியால் பெருக்க வேண்டும். பிப்ரவரி 9-இல் முதல் கேள்வி கேட்ட சாரின் கிணற்றில் 16 பவுண்டு சேறு என்று வைத்தால், 16 × 0.052 × 11,980, அதாவது ஏறக்குறைய 9,970 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). தண்ணீராக இருந்தால் 5,190 தான் வரும். ஹேன்ஸ்வில் மிக உயர் அழுத்தப் பாறை, 10,000 பி.எஸ்.ஐ.யைத் தொடும் இடங்கள் உண்டு. அங்கே சேற்றைக் கனமாக்குவது திட்டமிட்ட வேலை. எடை ஏறாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

இங்கேயும் டி.வி.டி.தான் கணக்கு என்பதைக் கவனியுங்கள். படுக்கைவாட்டில் எத்தனை ஆயிரம் அடி போனாலும் சேற்றுத் தூணின் உயரம் கூடுவதில்லை.

கிக் என்ற சொல் வந்தால் வாயு கொஞ்சம் உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். துளையின் வாயில் உள்ள பி.ஓ.பி. என்ற அடைப்பு வால்வை மூடி, கனமான சேற்றை ஓட்டி வாயுவை வெளியேற்றுவார்கள். வரியில் கிக் வந்து, அடுத்த வரிகளில் எடை ஏறி, துளையிடல் தொடர்கிறது என்று இருந்தால் கட்டுக்குள் வந்துவிட்டது. பல நாள் ஆழ எண் நகராமல் நின்றால் ஏதோ சிக்கல்.

குடிநீருக்குப் பார்க்க வேண்டியது சேறு அல்ல, மேற்பரப்புக் கேசிங். நன்னீர் அடுக்குகளைத் தாண்டி அது எத்தனை அடி இறங்கியது, சிமென்ட் அடித்தபோது தரை வரை திரும்பி வந்ததா, பிறகு அழுத்தச் சோதனை செய்தார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். சிமென்ட் மேலே வராமல் நடுவில் நின்றுவிட்டால் அதைச் சரிசெய்த பதிவும் இருக்க வேண்டும். டெக்சாஸ்காரர்களுக்கு இதற்கென்றே டபிள்யூ-15 என்ற சிமென்ட் அறிக்கை ரெயில்ரோடு கமிஷனில் கிடைக்கும். ரயில்வேக்குச் சம்பந்தப்பட்ட பெயராகத் தோன்றும், ஆனால் அங்கே எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது அதுதான், அங்கேதான் தேட வேண்டும்.

தண்ணீர் இன்னொரு வழியிலும் போகும், ஃப்ராக் வேலைக்கு உறிஞ்சுவதால். 2008-இல் ஹேன்ஸ்வில் வேட்டை தொடங்கியபோதே, வீடுகள் நம்பியிருக்கும் கரிசோ-வில்காக்ஸ் நிலத்தடி நீரை விட்டுவிட்டு ஆற்று நீர் போன்ற வேறு வழிகளைப் பாருங்கள் என்று மாநிலம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு தண்ணீர், என்னென்ன ரசாயனம் என்பதை 2011-இல் தொடங்கிய ஃப்ராக்ஃபோகஸ் பதிவேட்டில் ஏ.பி.ஐ. எண் போட்டுப் பார்க்கலாம். ஃப்ராக் ஆரம்பித்த தேதியும் முடிந்த தேதியும் அதில் இருக்கும். டபிள்யூ.ஓ.சி. எப்போது முடிந்தது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இதுவும் ஒரு வழி.

குடிநீர்க் கிணறு வைத்திருப்பவர்கள் ரிக் வருவதற்கு முன்பே தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்கி வையுங்கள். பிறகு ஏதாவது ஆனால், முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட வேறு வழியே கிடையாது.

பிப்ரவரி 21

மட் லாக்கில் (சேற்றோடு மேலே வருவதைப் பதியும் குறிப்பு) 3,000 யூனிட் கேஸ் காட்டியது, லாட்டரி அடித்ததா என்று கேட்டவருக்கு: தெரியாது, அதை வைத்து யாராலும் சொல்லவும் முடியாது. அந்த யூனிட் ஒவ்வொரு சேவை நிறுவனத்தின் கருவிக்கும் வேறுவிதமாக இருக்கும், சேற்றின் எடையும் துளையிடும் வேகமும் அதை மாற்றும். ஒரே கிணற்றுக்குள் இந்த ஆழத்தைவிட அந்த ஆழத்தில் அதிகம் என்று ஒப்பிட உதவும். பக்கத்துக் கிணற்றோடு ஒப்பிடாதீர்கள்.

பிப்ரவரி 26

உற்பத்திச் சோதனை எண்ணைப் பற்றி ஒரே சண்டையாக இருக்கிறது, என் கிணறு 24, உன் கிணறு 14 என்று. முதலில் அலகைப் பார்ப்போம். ஒரு எம்.சி.எஃப். ஆயிரம் கன அடி. இரண்டு எம் வந்தால் பத்து லட்சம் கன அடி. ஆகவே நாளைக்கு 14,000 எம்.சி.எஃப். என்பதும் 14 எம்.எம்.சி.எஃப். என்பதும் ஒன்றே.

அந்த எண்ணோடு சோக் அளவையும் ஓட்ட அழுத்தத்தையும் சேர்த்துப் படிக்காவிட்டால் ஒரு பயனும் இல்லை. சோக் என்பது வாயு வெளியேறும் துவாரம், அங்குலத்தை 64 பங்காக்கி எழுதுவார்கள். ஒரு கிணறு 28/64 சோக்கில் 24,000 கொடுக்கிறது, அழுத்தம் 4,800. இன்னொன்று 18/64 சோக்கில் 14,000, அழுத்தம் 7,600. இரண்டாவதை நிதானமாகத் திறந்திருக்கிறார்கள், உள்ளே அழுத்தம் இன்னும் நிறைய இருக்கிறது. தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வாளி சீக்கிரம் நிறைந்தது என்பதால் தொட்டி பெரியது என்று சொல்ல முடியாது, அதுபோலத்தான் இது. ஹேன்ஸ்வில்லில் ஆரம்ப ஆண்டுகளில் பெரிய சோக்கில் திறந்து பெரிய எண்ணை அறிவிப்பார்கள். பிறகு பல நிறுவனங்கள் சோக்கைச் சிறிதாக்கி, அழுத்தத்தைக் காப்பாற்றி, மெதுவாக எடுக்கும் முறைக்கு வந்தன. அதனால் பத்தாண்டு இடைவெளியில் உள்ள இரண்டு கிணறுகளின் முதல் நாள் எண்ணை ஒப்பிடுவது அர்த்தமில்லாதது.

முதல் நாள் எண்ணை 365-ஆல் பெருக்கி வீட்டுக் கடன் அடைக்கத் திட்டம் போடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஷேல் கிணறு முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் சரியும். இதை யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொல்வதில்லை. முதல் ஆறு செக் வந்ததும் டிரக் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 3

பிப்ரவரி 10-இல் தனியாக எழுதுகிறேன் என்று சொன்னது: டக் கிணறு லீஸை எவ்வளவு நாள் பிடித்து வைக்கும்?

2008-ஐ ஒட்டி எழுதிய லீஸ்களில் உற்பத்தி இல்லாமலே லீஸ் நிற்கும் முதல் காலம் மூன்று ஆண்டு என்பது சாதாரணம். அது முடிவதற்குள் ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு கிணறாவது போட்டு லீஸைத் தக்கவைக்க ஓடினார்கள், விலை சரிந்த பிறகும் ரிக்குகள் நிற்காததற்கு அது ஒரு காரணம். உற்பத்தி வந்துவிட்டால், அது நிற்கும் வரை லீஸ் உயிரோடு இருக்கும். துளைத்துவிட்டுக் கம்ப்ளீட் செய்யாமல் கிடந்தால் பதில் உங்கள் லீஸின் வாசகத்தில்தான்: செயல்பாடுகளுக்கு நடுவில் எத்தனை நாள் இடைவெளி அனுமதி, ஷட்-இன் ராயல்டி (மூடி வைத்திருக்கும் கிணற்றுக்காகத் தரும் தொகை) உண்டா, உண்டென்றால் எவ்வளவு காலத்துக்கு. 60 நாள், 90 நாள் என்றெல்லாம் இருக்கும். ரிக் விடுபட்ட தேதியை அறிக்கையில் பாருங்கள், ஃப்ராக் ஆரம்பித்த தேதியைப் பாருங்கள், நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். லீஸின் முதல் காலம் முடிந்த பிறகு அந்த இடைவெளி வந்திருந்தால் மட்டும் வக்கீலிடம் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் காலத்துக்குள்ளேயே என்றால் அவர்கள் சும்மா கிடக்க உரிமை உண்டு.

ஒன்று கவனம், தளத்தில் வரி பதிவாகும் தேதியும் வேலை நடந்த தேதியும் ஒன்றல்ல. வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து ஏற்றுவார்கள், சில சமயம் அதற்கும் மேல் தாமதமாகும். வரிக்குள்ளே எழுதியிருக்கும் தேதியைத்தான் எடுக்க வேண்டும். நாள் கணக்கில் சண்டை வரக்கூடிய இடமென்றால் பக்கத்தை அன்றன்றைக்கே அச்செடுத்து வையுங்கள்.

மார்ச் 4

ஃபிஷ், ஃபிஷிங் என்று வந்தால் துளைக்குள் கருவியோ குழாயோ முறிந்து விழுந்து அதை எடுக்கப் பார்க்கிறார்கள். எடுக்க முடியாவிட்டால் மேலேயே சிமென்ட் அடைத்துப் பக்கவாட்டில் புதிதாகத் திரும்புவார்கள், சைட்டிராக். உங்களுக்குச் செலவில்லை, ராயல்டிக்காரர் துளையிடும் செலவில் பங்கேற்பதில்லை. ஆனால் லேட்டரல் முதலில் திட்டமிட்ட இடத்தைவிட்டு நகர்ந்திருக்கலாம், அதனால் கீழே சொல்லப் போகும் வரைபடம் முக்கியமாகிறது.

மார்ச் 11

கேள்வி கேட்ட சார் இன்று எழுதியது: ஃப்ராக் முடிந்துவிட்டது, நிலை எண் 10 ஆகிவிட்டது, உற்பத்தியில் அவர் பங்கைக் குறிக்கும் டிவிஷன் ஆர்டர் தாளும் வந்துவிட்டது. அதில் அவருடைய பங்கு 0.003515625 என்று இருக்கிறது, அவர் போட்ட கணக்கில் 0.0078125. பாதிக்கும் குறைவாகக் கொடுத்து ஏமாற்றுகிறார்களா என்று கேட்கிறார்.

சார், உங்கள் கணக்கில் தப்பில்லை, ஒரு படி மட்டும் மிச்சம் இருக்கிறது. 20 ஏக்கரை 640-ஆல் வகுத்தால் 0.03125. அதில் 25 சதவீதம் 0.0078125. இது உங்கள் யூனிட்டுக்குள் மட்டும் கிடக்கும் கிணற்றுக்கு. உங்களுடையது இரண்டு யூனிட்டைக் கடக்கிறது. அப்படிப்பட்ட கிணற்றின் உற்பத்தியை, குழாயில் துளை போட்ட லேட்டரல் நீளம் ஒவ்வொரு யூனிட்டிலும் எவ்வளவு என்ற விகிதத்தில் பிரிப்பார்கள். அவர்கள் கொடுத்த எண்ணை உங்கள் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 0.45. அதாவது மொத்தம் 9,900 அடி என்றால் உங்கள் செக்‌ஷனில் 4,455 அடி என்கிறார்கள்.

இது சரியா என்று டிவிஷன் ஆர்டரை வைத்துச் சொல்ல முடியாது. துளைத்து முடித்த பிறகு சர்வேயர் போட்ட வரைபடம் வேண்டும், பெர்மிட்டோடு கொடுத்த திட்ட வரைபடம் போதாது. அதில் குழாயில் போட்ட முதல் துளையும் கடைசித் துளையும் யூனிட் எல்லையும் குறித்திருக்கும். சோன்ரிஸில் அந்தக் கிணற்றின் ஆவணங்களில் தேடுங்கள், இல்லாவிட்டால் நிறுவனத்தின் நில உரிமையாளர் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.

மார்ச் 11, இரவு

இதில் எவ்வளவு பணம் என்று ஒருவர் கேட்டார். ஒரு மாதம் 3 லட்சம் எம்.சி.எஃப்., விலை 3 டாலர் என்று வைத்தால் 9 லட்சம் டாலர். 0.003515625-க்கு 3,164 டாலர், பிடித்தங்களுக்கு முன். இரண்டு சதவீதப் புள்ளி தவறினாலும், அதாவது 45-க்குப் பதில் 47 இருக்க வேண்டியிருந்தாலும், மாதம் 140 டாலர் வித்தியாசம். கிணறு பல ஆண்டு ஓடும். ஒரு கடிதம் எழுத அது போதுமான காரணம்.

மார்ச் 19

சார் வரைபடத்தை அனுப்பியிருந்தார், சேர்ந்து பார்த்தோம். இந்தக் கிணறு தெற்கே அடுத்த செக்‌ஷனில் ஆரம்பித்து வடக்கே அவர் செக்‌ஷனுக்குள் வருகிறது. கடைசித் துளை வடக்கு எல்லையிலிருந்து 330 அடியில் இல்லை, அதற்கும் தொள்ளாயிரம் அடி முன்னாலேயே நின்றுவிட்டது. அங்கே வரை துளைத்திருக்கிறார்கள், குழாயில் துளை போடவில்லை. அதனால்தான் சரிபாதி வராமல் 45. மார்ச் 4-இல் எழுதிய மாதிரி ஏதாவது நடந்ததா என்று தளத்தில் வேலையைப் பதியும் ஸ்கவுட் வரிகளில் தேடினோம், ஃபிஷிங் எதுவும் இல்லை. கம்ப்ளீஷன் அறிக்கையில் உள்ள, குழாயில் துளை போட்ட பகுதியின் எண்களும் வரைபடமும் ஒத்துப்போகின்றன, ஆகவே விகிதம் சரி.

ஆனால் ஒன்றைக் கேட்கச் சொன்னேன்: வடக்கு முனையில் விடுபட்ட பகுதியில் இருக்கும் வாயுவை யார், எப்போது எடுப்பார்கள்? அடுத்த ஆல்ட் கிணறு அந்த முனை வரை வருமா? பெர்மிட் விண்ணப்பத்தில் அதன் திட்ட வரைபடம் இருக்கும், துளைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். பொது விசாரணை அறிவிப்பு வந்தால் குப்பையில் போடாமல் படியுங்கள், அந்தக் கட்டத்தில் பேசுவதற்குத்தான் மதிப்பு.

மார்ச் 20

புதிதாக லீஸ் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு: தினசரித் துளையிடல் அறிக்கை, மட் லாக், மின் லாக், கம்ப்ளீஷன் அறிக்கை, துளைத்த பின் எடுத்த வரைபடம், எல்லாவற்றின் நகலும் இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கக் கேளுங்கள். அரசுத் தளத்தில் வருவது சுருக்கம்தான், முழு விவரம் நிறுவனத்திடம் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால், நிறுவனத்துக்காக லீஸ் பேச வரும் லேண்ட்மேன் இதைப் பெரும்பாலும் மறுக்க மாட்டார். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் பதில் கடிதமே வராது, எங்கள் முதல் லீஸில் அப்படித்தான் ஆயிற்று.

சாருக்கு ஒன்று: டிவிஷன் ஆர்டரில் கையெழுத்துப் போடுமுன் அதில் லீஸை மாற்றும் வாசகம் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக பிடித்தங்கள் பற்றி. பங்கு எண் சரியாக இருப்பது மட்டும் போதாது.